பாட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள்

பழைய பாட்டு விற்கிறவர்கள் கண்டுபிடித்த மந்திரச் சொல் 'டிஜிட்டலி ரீமாஸ்டர்டு'. நெய் டப்பாவில் 'சுத்தமானது' என்று போடுகிற மாதிரி. போட்டிருக்கிறது, வாங்குகிறோம். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. நெய்க்காவது அக்மார்க் முத்திரை, ஆபீஸ், சோதனை என்று ஏதோ இருக்கிறது. இதற்கு ஒன்றும் கிடையாது. பழைய கேஸட்டை கம்ப்யூட்டரில் இணைத்து, ட்ரெபிளை ரெண்டு பாயிண்ட் ஏற்றி, சத்தத்தைக் கூட்டி விட்டாலும் ரீமாஸ்டர்தான். மூல டேப்பைத் தேடிப் பிடித்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு செகண்டாகச் சரி பண்ணினாலும் ரீமாஸ்டர்தான். இரண்டுக்கும் ஒரே லேபிள், ஒரே விலை.

மாஸ்டரிங் என்றால் என்ன? பாட்டைப் பதிவு பண்ணி, மிக்ஸ் பண்ணி முடித்த பின், அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒருவர் கேட்டு, ஏற்ற இறக்கம் பார்த்து, எல்பிக்கோ கேஸட்டுக்கோ ஸிடிக்கோ தகுந்தபடி முடித்துக் கொடுப்பது. எல்பியில் பேஸ் ரொம்ப அதிகமானால் ஊசி பள்ளத்தை விட்டுக் குதித்துவிடும். அதனால் அடக்கி வாசிப்பார்கள். ஸிடிக்கு அந்தப் பயம் இல்லை. பழைய மூல டேப்பை எடுத்து ஸிடிக்காக மறுபடி முடித்துக் கொடுத்தால் அது ரீமாஸ்டர். கீறல், டிக் டிக், இரைச்சல் எல்லாம் நீக்கினால் அது ரெஸ்டரேஷன். குரல் தனி, வயலின் தனி என்று பிரித்து வைத்திருக்கும் டிராக்குகளை எடுத்து மறுபடி கலந்தால் ரீமிக்ஸ். மூன்றும் வேறு வேறு வேலை. வேறு வேறு ஆபத்து. நம்மூரில் மூன்றுக்கும் சேர்த்து ரீமாஸ்டர் என்று சொல்லிவிடுகிறார்கள். ரீமிக்ஸ் என்றால் நமக்கு வேறு அர்த்தம் ஆகிவிட்டது: எம்.எஸ்.வி. பாட்டுக்கு நடுவில் யாரோ 'யோ யோ' என்று கத்துவது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஒருமுறையாவது போயிருக்கிறீர்களா? பழைய டிரங்க் ரோடில், செடி, புறா, துருப்பிடித்த டிரில்லிங் மெஷின், ஒற்றைக் கால் நாற்காலி, செத்துப்போன லாப்டாப் எல்லாவற்றுக்கும் நடுவில், சாக்கு விரித்து கிராமபோன் தட்டுகளும் கேஸட்டுகளும் வைத்திருப்பார்கள். எம்ஜியார், சிவாஜி, சுப்ரபாதம், கதாகாலட்சேபம், எண்பதுகளின் ராஜா. அட்டை கிழிந்த ஒரு எல்பியைக் காட்டிக் கேட்டேன்.

"என்ன விலைங்க?"

"எக்கோ, ஸார். ஒரிஜினல் ப்ரெஸ்."

"கீறல் நிறைய இருக்கே?"

"கீறல் இருந்தாத்தான் ஸார் ஒரிஜினல். கீறல் இல்லாம வேணும்னா தாம்பரத்துல பென் டிரைவ் விக்கிறான், போய் வாங்கிக்குங்க."

இதைவிடச் சுருக்கமாக இந்த விவகாரத்தை யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கு ராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளைச் சுத்தமாகக் கேட்க ஆசைப்படுகிறவர்கள், கம்பெனிகள் வெளியிட்ட 'புதுப்பித்த' பதிப்புகளை விட்டுவிட்டு இந்தச் சாக்கு விரிப்புக்கு வருகிறார்கள். கீறல் குறைந்த எல்பியாகப் பார்த்து வாங்கி, கழுவி (பல பேர் டிஸ்டில்டு வாட்டர் உபயோகிக்கிறார்கள்), நல்ல ஊசியில் ஓட்டி, தாங்களே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்கிறார்கள். இது பித்து என்று உங்களுக்குத் தோன்றினால் நியாயம்தான். ஆனால் அவர்கள் பக்கத்தில் நியாயம் கொஞ்சம் அதிகம்.

நம் காதில் பதிந்திருக்கும் பழைய பாட்டு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். எண்பதுகளில் தாம்பரம், குரோம்பேட்டை என்றில்லை, தமிழ்நாட்டின் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றினாலும் ஒரு 'ரெக்கார்டிங் சென்டர்' இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். டிடிகே 60 என்றால் ஒரு பக்கம் முப்பது நிமிஷம், ஆறேழு பாட்டு. ரெண்டு நாள் கழித்து வா என்பார்கள். ஸ்டூடியோ டேப் பொதுவாக விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். கேஸட் ஓடுவது 4.76 சென்டிமீட்டர். எட்டில் ஒரு பங்கு. அகலமும் குறைவு. வேகமும் அகலமும் குறைந்தால் மேல் ஸ்தாயி விவரங்கள் போய், அந்த இடத்தில் 'உஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்து உட்காரும். மூல டேப்பிலிருந்து எல்பி, எல்பியிலிருந்து ரெக்கார்டிங் சென்டர் கேஸட், அதிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா பதிந்து கொடுத்த கேஸட் என்று நாலாம் தலைமுறைப் பாட்டைத்தான் நாம் காதலித்தோம். டேப் ரெக்கார்டர் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தபடி.

அதனால்தான் ராஜா பாட்டில் பேஸ் கிடார் என்று ஒன்று தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது என்பதே பல பேருக்கு வருஷங்கள் கழித்துத் தெரிந்தது. 'மௌன ராகம்' (1986), 'நாயகன்' (1987) போன்ற படங்களின் பாட்டை நல்ல எல்பியிலோ, அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ராஜா ஸிடிக்களின் தரத்திலோ முதல்முறை கேட்கிறவர் செய்கிற காரியம் ஒன்றுதான். பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவார். மெலடியைப் பாடகி பார்த்துக்கொள்ள, கீழே பேஸ் எதிர்த் திசையில் நடக்கிறது. இடது பக்கம் ஒரு கிடார் கேள்வி கேட்க, வலது பக்கம் வயலின்கள் பதில் சொல்கின்றன. இது எல்லாம் மூல டேப்பில் முதல் நாளிலிருந்தே இருந்தது. நமக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவான முதல் படம் என்று பெயர் வாங்கியது 1978-ல் வந்த 'ப்ரியா' (சுஜாதா கதை). அதற்கு முந்தினதெல்லாம் மோனோ. மோனோ என்றால் மட்டம் என்று ஒரு எண்ணம் நமக்குண்டு. தப்பு. எம்.எஸ். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பாட்டுப் பதிந்த காலத்தில், பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஷெனாய் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி, தபேலா மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் என்பதுதான் மிக்ஸிங். ஒருத்தர் தப்பு பண்ணினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. ஆழம் என்பது அந்த ஒற்றை டிராக்குக்குள்ளேயே இருக்கிறது. பி. சுசீலா முன்னால் நிற்கிறார், வயலின்கள் பின்னால், ட்ரிபிள் பாங்கோஸ் இன்னும் பின்னால் என்று கண்ணை மூடினால் தெரியும். அதை இடது வலது என்று பிய்த்துப் போட்டால்தான் ஸ்டீரியோ ஆகும் என்று அறுபதுகளில் உலகமெங்கும் ரெக்கார்டு கம்பெனிகள் ஒரு கூத்து அடித்தன. அடி ஸ்தாயியை ஒரு பக்கமும் மேல் ஸ்தாயியை ஒரு பக்கமும் அனுப்பி, கொஞ்சம் எதிரொலி சேர்த்து 'எலெக்ட்ரானிக் ஸ்டீரியோ' என்று அட்டையில் போட்டார்கள். பாடகர் ஒரு தகர டிரம்முக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். 2009 செப்டம்பரில் பீட்டில்ஸ் பாட்டுகளை முழுக்கப் புதுப்பித்து வெளியிட்டபோது, அபே ரோடு ஸ்டூடியோவில் நாலு வருஷம் வேலை பார்த்தவர்கள், மோனோ பதிவுகளை மோனோவாகவே தனிப் பெட்டியில் போட்டு விற்றார்கள். விரும்பி வாங்கினார்கள் ஜனங்கள்.

நம்மூர் ரீமாஸ்டர்களில் முதல் வியாதி சத்தம். டிஜிட்டலில் ஒரு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் ஒரு புள்ளி கூடப் போக முடியாது. வீட்டுக் கூரை மாதிரி. பாட்டின் மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கித் தூக்கி அந்தக் கூரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், முதல் பத்து செகண்டுக்கு 'ஆஹா, என்ன பளிச்!' என்று இருக்கும். அடுத்த பாட்டுக்குள் தலை வலிக்கும். ராஜாவின் பாட்டில் ஒற்றைப் புல்லாங்குழல் முனகிவிட்டு ஓயும்போது, இருபது வயலின்கள் அலை மாதிரி எழும்பும். அந்த எழும்புதல்தான் பாட்டு. ரீமாஸ்டரில் புல்லாங்குழலும் இருபது வயலினும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. எழும்ப இடமே இல்லை. அப்புறம் என்ன அலை, தேங்கின தண்ணீர்தான்.

மேல்நாட்டில் இதற்கு 'சத்தச் சண்டை' என்றே பெயர். 2008-ல் மெடாலிகா குழுவின் 'டெத் மாக்னெட்டிக்' வந்தபோது, ஸிடியில் டிரம் அடிகள் கூரையில் மோதிப் பிளந்து கொரகொரவென்று கேட்டன. அதே பாட்டுகள் 'கிடார் ஹீரோ' என்ற வீடியோ கேமில் சுத்தமாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்து, மறுபடி மிக்ஸ் பண்ணிக் கொடு என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். ஹெவி மெட்டல் ரசிகர்களே 'சத்தம் அதிகம்' என்று புகார் செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சத்தத்துக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் பாட்டுக் கேட்கிற இடங்கள் அப்படி. தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில், ஜன்னலெல்லாம் திறந்திருக்க, காதில் ஐந்நூறு ரூபாய் இயர்போன். (இந்த லைனில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வந்ததும் ஒரே வருஷம், 1931. அன்றிலிருந்து இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு சத்தம் போடுகின்றன.) பல்லாவரம் தாண்டும்போது தலைக்கு மேல் விமானம் இறங்கும். இறங்கினால் ஜி.எஸ்.டி. ரோடு. ஷேர் ஆட்டோ. இந்த இடத்தில் மெல்லிய புல்லாங்குழலை மெல்லியதாகவே விட்டால், அது கேட்காது. எனவே எல்லாவற்றையும் சமமாக உயர்த்துவது ரயில் பயணிக்கு ஒரு சௌகரியம்தான். ஆனால் அதை ரயில் பயணிக்கென்று தனியாகக் கொடுக்க வேண்டும். போனுக்குள்ளேயே ஒரு பட்டன் வைத்துச் செய்யலாம். பாட்டையே நிரந்தரமாக நசுக்கிவிட்டு, வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வைத்து ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்கிறவனுக்கும் அதையே கொடுப்பது என்ன நியாயம்?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. கத்துகிற பாட்டை அவர்களே இறக்கிவிடுகிறார்கள். கஷ்டப்பட்டுத் தூக்கிய சத்தம் போய்விடும், நசுங்கல் மட்டும் மிச்சம். கணக்கில் முழு நஷ்டம்.

இரண்டாவது வியாதி, அதிகச் சுத்தம். நம் கோயில்களில் கும்பாபிஷேகத் திருப்பணி என்று வந்து, கல் தூண்களில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் போக்க மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். பிசுக்குப் போயிற்று. கூடவே சிற்பத்தின் மூக்கு, கல்வெட்டின் எழுத்தும் போயிற்று. கல் ஆர்வலர்கள் கூச்சல் போட்ட பிறகு தடை வந்தது. பாட்டில் இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேர் செய்வதும் இந்த மணல் வேலைதான். பாட்டு ஆரம்பிக்கும் முன் வரும் வெற்று இரைச்சலில் ஒரு செகண்ட் சாம்பிள் எடுத்து, 'இது மாதிரி இருப்பதையெல்லாம் நீக்கு' என்று சொல்வார்கள். அதற்கு இரைச்சல் எது, பாடகியின் மூச்சு எது என்று தெரியாது. 'ஸ', 'ஷ' என்ற எழுத்துகள், ஜால்ராவின் கடைசி ரீங்காரம், தம்பூராவின் ஜீவா, மிருதங்கத்தின் சாப்பு விரல் தோலை விட்டு எழும் ஓசை எல்லாம் இரைச்சலின் உறவினர்கள். சேர்த்துத் துடைத்துவிடும். டி.எம். சௌந்தரராஜனின் தமிழ் உச்சரிப்புக்கு ஒரு கூர்மை உண்டு. ஒவ்வொரு வல்லினமும் கல்லில் உளி பட்ட மாதிரி விழும். அதைத் துணி போட்டு மூடின மாதிரி ஆக்குவதற்குப் பெயர் புதுப்பித்தல் இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். பாட்டின் நடுவில் கேட்காதீர்கள். ஆரம்பத்துக்கு முன் அரை செகண்டும், முடிந்து தேய்கிற கடைசி மூன்று செகண்டும் கேளுங்கள். நல்ல வேலை என்றால் வாத்தியம் மெல்ல மெல்லத் தேய்ந்து, லேசான டேப் இரைச்சலுக்குள் கரையும். மோசமான வேலை என்றால் தண்ணீருக்குள் யாரோ குமிழ் விடுகிற மாதிரி ஒரு கிளுகிளுப்பு வந்து, பட்டென்று கத்திரித்த நிசப்தம். இரைச்சலே இல்லாத 1962-ஆம் வருஷப் பாட்டை யாராவது கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

சுருதி விவகாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் ஹார்மோனியம் வைத்திருக்கும் எந்த மாமியும் கண்டுபிடித்துவிடலாம். சினிமா ஃபிலிம் ஓடுவது விநாடிக்கு 24 ஃப்ரேம். நம்மூர் பழைய டிவி முறையான 'பால்' ஓடுவது 25. படத்தை டிவிக்கும் டிவிடிக்கும் மாற்றும்போது, அந்த ஒரு ஃப்ரேமுக்காகப் படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். நாலு சதவீதம் வேகம். படம் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆனால் 4 நிமிஷம் 10 செகண்ட் பாட்டு 4 நிமிஷமாகிவிடும். சுருதி அரைக் கட்டையில் முக்கால்வாசி ஏறிவிடும். ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் சேராது, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கும். எஸ். ஜானகி தன் தங்கை மாதிரி ஒலிப்பார். ரெக்கார்டு மூலம் கிடைக்காத பாட்டுகளை டிவிடியிலிருந்து உருவி, வேகத்தைச் சரி பண்ணாமல் வெளியிட்டால் இதுதான் கதி. கேஸட்டிலிருந்து ஏற்றியதற்கும் இதே கதி. டேப் ரெக்கார்டரின் மோட்டார் அன்றைக்கு என்ன மூடில் இருந்ததோ அதுதான் சுருதி. பாட்டு கற்றுக்கொள்கிற குழந்தைகள் இவற்றை வைத்துத்தான் பழகுகிறார்கள் என்பதால் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

படத்தில் வருகிற பாட்டும் தட்டில் வருகிற பாட்டும் ஒன்றல்ல என்பது இன்னொரு சிக்கல். 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம்தான். எனவே படத்தில் மூன்று சரணம் இருந்தால் தட்டில் ஒன்றை வெட்டுவார்கள், இல்லாவிட்டால் தட்டுக்கென்று தனியாக வேகமாகப் பாடிப் பதிவார்கள். படத்தில் இருப்பது முழுசு, ஆனால் கொலுசுச் சத்தம், குதிரைக் குளம்பு, நடுவில் கதாநாயகன் சிரிப்பு எல்லாம் சேர்ந்தது. எதை எடுத்துப் புதுப்பிப்பது? எதை எடுத்தாலும் சரி, எடுத்தது எது என்று அட்டையில் ஒரு வரி போடலாம். போடுவதில்லை.

கடந்த சில வருஷங்களில் ஒரு புது மாயம் வந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கான பாட்டுகளைக் கொடுத்துப் பழக்கி, ஒற்றை மோனோ டிராக்கிலிருந்து குரலையும் டிரம்மையும் கிடாரையும் தனித்தனியே பிரித்தெடுக்கிறார்கள். 2022-ல் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' இப்படித்தான் மறுபடி மிக்ஸ் செய்யப்பட்டது. 2023 நவம்பரில், ஜான் லென்னன் வீட்டில் கேஸட்டில் பாடி வைத்திருந்த ஒரு பாட்டிலிருந்து பியானோவை விலக்கி, குரலை மட்டும் உருவி, மிச்சமிருந்தவர்கள் சேர்ந்து வாசித்து வெளியிட்டார்கள். அரிசியில் கல் பொறுக்குகிற காரியம்தான், ஆனால் சாதம் வடித்த பிறகு பொறுக்குகிறார்கள்!

இங்கேயும் வந்துவிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் விற்கிற பென் டிரைவில் '5.1 ஒரிஜினல்' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரிஜினலாக ஐந்து சானலில் எப்போதும் பதிவாகாத பாட்டுகள். கேட்டால் குரல் நடுவில், தபேலா முதுகுக்குப் பின்னால், வயலின் சோபாவுக்கு அடியில். காருக்குள் போட்டால் பையன்கள் சந்தோஷப்படுகிறார்கள். சந்தோஷப்படட்டும். எனக்கு ஆட்சேபம் பிரிப்பதில் இல்லை, சேர்ப்பதில்தான். பிரித்த பிறகு 'தபேலா கொஞ்சம் வீக்காக இருக்கிறதே' என்று புதிதாக ஒரு பேஸ் டிரம்மைச் சேர்க்கும் கை நமநமக்கும். இந்தியில் தொண்ணூறுகளில் பழைய பாட்டுக்கெல்லாம் 'ஜன்கார் பீட்ஸ்' என்று டிரம் தட்டிச் சேர்த்து விற்ற அனுபவம் இருக்கிறது. டீக்கடைகளில் அமோகமாக ஓடியது. மூலத்தைத் தேடினால் கிடைக்காமல், அதுவே மூலம் என்று ஒரு தலைமுறை நம்பிவிட்டது.

மறுபக்கம் எல்பி பக்தர்கள். அமெரிக்காவில் 2022-ல் ஸிடியைவிட எல்பி அதிகம் விற்றது, 1987-க்குப் பிறகு முதல் தடவையாக. இங்கும் புது எல்பிக்கள் அச்சாகி வருகின்றன, விலை ஆயிரங்களில். எல்பி என்பதாலேயே ஒலி உயர்ந்தது என்று இல்லை. அந்தக் கறுப்புத் தட்டை எதிலிருந்து வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி. நசுக்கப்பட்ட அதே டிஜிட்டல் ஃபைலிலிருந்து வெட்டியிருந்தால், அதே நசுங்கல், கூடக் கொஞ்சம் கீறல். இதே 2022-ல் மொபைல் ஃபிடலிட்டி என்ற அமெரிக்க கம்பெனி, மூல டேப்பிலிருந்து நேராக வெட்டியவை என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய தட்டுகளில் பலவற்றுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்ததை ஒப்புக்கொண்டது. வழக்கு, நஷ்ட ஈடு என்று ஆயிற்று. அதுவரை 'டிஜிட்டல் என்றால் என் காதுக்கு உடனே தெரியும்' என்று சொல்லிக்கொண்டிருந்த நிபுணர்கள், அந்தத் தட்டுகளைத்தான் வானளாவப் புகழ்ந்திருந்தார்கள். ஆக, டிஜிட்டல் வில்லன் இல்லை. வேலை செய்கிறவரின் காதும் பொறுமையும்தான் விஷயம்.

எல்லாவற்றுக்கும் மேலே மூல டேப் வேண்டுமே! காந்த டேப்புக்கு வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது. சென்னையில் இரண்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. எழுபது, எண்பதுகளில் வந்த சில வகை டேப்புகளில், துகளை ஒட்டவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். ஓட்டினால் ஹெட்டில் பிசுக்கென்று ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். அவற்றைச் சுமார் ஐம்பது டிகிரி சூட்டில் பல மணி நேரம் அவனில் வைத்து வாட்டினால் சில நாள் தாங்கும். அதற்குள் பதிந்துகொள்ள வேண்டும். அப்பளம் வாட்டுகிற மாதிரிச் சொல்கிறேன், ஆனால் நிஜமான வைத்தியம். அதற்கும் டேப் நம் கையில் இருக்க வேண்டும். 2008-ல் ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்து எண்ணற்ற மூல டேப்புகள் எரிந்தன. எரிந்தது எவ்வளவு என்று வெளியே தெரியவே 2019 ஆயிற்று. 2003-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் தீ. 'காளிதாஸ்' பிரதி ஒன்று கூட உலகத்தில் இல்லை.

நம் பக்கம் தண்ணீர். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது, அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்தவைதான் முதலில் போயின. எல்பி கனமானது, எல்லோரும் அதைக் கீழ்த்தட்டில்தான் வைப்பார்கள். மூல டேப் தொலைந்த பாட்டுக்கு ஒரு நல்ல எல்பிதான் அடுத்த மூலம். வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்த தட்டுகளின் அருமை இதில்தான் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டில் எத்தனை சரணம் இருந்தது என்பதற்குச் சில சமயம் அதுதான் சாட்சி. டேப்புகளுக்கு அப்படி ஒரு பொதுவான வீடு இல்லை. கம்பெனிகள் கை மாறின, மூடின. பாட்டு யாருக்குச் சொந்தம், இசையமைப்பாளருக்கா, தயாரிப்பாளருக்கா, கம்பெனிக்கா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வழக்குகள். டேப் வைத்திருப்பவருக்கு உரிமை நிச்சயமில்லை. உரிமை கேட்பவரிடம் டேப் இல்லாமல் இருக்கலாம். நீதிபதி சாவகாசமாகத் தீர்ப்புச் சொல்லலாம், பூஞ்சைக்கு வாய்தா கிடையாது.

சினிமாக்காரர்கள் இதில் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள். 2012-ல் 'கர்ணன்' (1964) படத்தை டிஜிட்டலில் சீரமைத்துத் திவ்யா ஃபிலிம்ஸ் வெளியிட்டபோது, டிவியில் நூறு தடவை இலவசமாகப் பார்த்த படத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி நூறு நாளுக்கு மேல் ஓட்டினார்கள் சென்னைக்காரர்கள். 2014-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) அதையும் தாண்டியது. போஸ்டரில் சிவாஜி, எம்ஜியார் என்று இருந்தாலும், பாதி ஜனம் வந்தது விஸ்வநாதன் - ராமமூர்த்தியைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்கத்தான் என்பது என் கட்சி. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தில் 'குணா'வின் (1991) கடிதப் பாட்டு வந்த இடம் நினைவிருக்கிறதா? தியேட்டரில் பிறந்தே இராத பிள்ளைகள் விசில் அடித்தார்கள். பாட்டுக்கு நோட்டீஸ் போனதும் வேறு கதை. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முந்திய பதிவு, இன்றைய தியேட்டர் ஸ்பீக்கரில் தலைகுனியாமல் நின்றது. அது அன்றைக்கு ஒலிப்பதிவு செய்த என்ஜினீயர்களுக்குக் கிடைத்த விசில். அவர்கள் பெயர் கேஸட் அட்டையில் இருக்காது. டைட்டில் கார்டில் ஒரு செகண்ட் வந்து போகும்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இந்தப் பாட்டு எதிலிருந்து எடுத்தது: மூல டேப்பா, எல்பியா, படத்தின் ஒலித்தடமா? செய்தவர் யார், எந்த வருஷம்? வேகம் சரி பார்த்தீர்களா? மாத்திரைப் பட்டையில் எக்ஸ்பயரி தேதி போடுகிற இடம் போதும் இதற்கு. 2017-ல் வந்த காரவான் பெட்டியை அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள், கேட்க வேண்டியதும் இல்லை. அந்தப் பெட்டி விற்பது ஒலித்தரத்தை அல்ல, குமிழைத் திருகினால் பாட்டு வரும் என்ற நிம்மதியை. ஆனால் 'ரீமாஸ்டர்' என்று போட்டுக் கூடுதல் விலை வாங்குகிறவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாட்டாவது பரவாயில்லை, ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. பின்னணி இசை? ராஜாவின் உச்சமான சங்கதிகள் பல படத்தின் வசனத்துக்கு நடுவில்தான் இருக்கின்றன. ரேவதி பேசாமல் நிற்கிற இடத்தில் வருகிற நாற்பது செகண்ட். எல்பியிலும் வரவில்லை, கேஸட்டிலும் வரவில்லை. ரசிகர்கள் டிவிடியிலிருந்து வசனம் இல்லாத துண்டுகளாகப் பார்த்து வெட்டி எடுத்து ஒட்டவைத்துக் கேட்கிறார்கள். வேறு மொழிக்கு டப் செய்வதற்காக, வசனம் நீக்கி இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள டிராக் ஒன்று தனியாகத் தயாரிப்பது வழக்கம். தெலுங்குக்குப் போன படங்களுக்காவது அது ஏதோ ஒரு லேபில், ஏதோ ஒரு தகர டப்பாவில் இருந்திருக்கும். வடபழனி, சாலிகிராமம் பக்கம் பழைய லேப்களைக் காலி பண்ணும்போது அந்த டப்பாக்கள் கிலோ என்ன விலைக்குப் போகின்றன என்று யாராவது விசாரித்தால் தேவலை.